அண்ணன்மார் பெயரும் தங்கை பெயரும்

ஒரு குடும்பத்தில் முதற்பிள்ளை ஆணாகப் பிறந்தால் அதற்குப் பெயர் தேடி எவரும் அலைவதில்லை. தந்தைவழிப் பாட்டனாரின் பெயரோ, குலதெய்வத்தின் பெயரோ அக்குழந்தைக்கென்று முன்னமே காத்திருக்கும். இரண்டாவதும் ஆணாகப் பிறந்தால் தாய்வழிப் பாட்டனாரின் முறை வருகிறது. அந்த முறையைக் கருதாத வீடுகளில், ராமனுக்கு ஒரு லட்சுமணன் என்றும், பெரியசாமிக்கு ஒரு சின்னசாமி என்றும் இணைப் பெயர் தானாகவே வந்து வாய்த்துவிடுகிறது. இரண்டு மூன்று ஆண்மக்களுக்குப் பின், தவமிருந்து பெற்றாற்போல் ஒரு பெண்மகவு பிறக்கும்பொழுதுதான் வீடு முழுவதும் கூடி யோசிக்கத் தொடங்குகிறது. பாட்டி தன் மாமியாரின் பெயரைச் சொல்வாள்; அத்தை தனக்கே உரியது அந்த உரிமை என்பாள்; தகப்பனார் தாம் படித்த நூலிலிருந்து ஒன்றை எடுத்து வருவார்; இவ்வளவுக்கும் நடுவில் தாயார் மட்டும், முன்னரே வீட்டில் வழங்கிவரும் இரு பெயர்களோடு மூன்றாவதையும் சேர்த்து மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் செய்வதுதான் இவ்விஷயத்தில் மிகவும் சரியான காரியம் என்பது எமது அபிப்பிராயம்.

உடன்பிறந்தார் பெயர்கள் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும் என்ற ஆவல் வெறும் அலங்கார ஆசையன்று. வேறு பல தேசங்களில் குடும்பப் பெயர் என்ற ஒன்று தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வருகிறது; அண்ணனும் தங்கையும் எவ்வளவு வேறுபட்ட பெயரைக் கொண்டிருந்தாலும், கடைசியில் வரும் அந்தக் குடும்பப் பெயர் அவர்களை ஒரே வீட்டார் என்று காட்டிக்கொடுத்துவிடும். தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு அத்தகைய குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒன்றுதான் மக்கள் அனைவருக்கும் பொதுவான அடையாளம். அந்த எழுத்தையும் பெண்ணானவள் கலியாணமானபின் விட்டுவிட்டுக் கணவன் பெயரின் முதலெழுத்தை ஏற்றுக்கொள்வதே இதுவரை வழக்கமாக இருந்துவந்திருக்கிறது. ஆகையினால், பிறந்த வீட்டிலிருந்து அவள் கூடவே எடுத்துச்செல்வதும், வாழ்நாள் முழுவதும் அவளைவிட்டு நீங்காததும் அவளுடைய பெயர் ஒன்றே. அதில் அண்ணன்மாரின் சாயல் சிறிது இருக்கவேண்டும் என்று பெற்றோர் விரும்புவதில் நியாயம் இருக்கிறது. அதேசமயம், அண்ணன்மாரை அறியாத ஊரிலும் அது தனித்து நின்று பொலியவேண்டும் என்பதை மறந்துவிடுதலும் கூடாது.

நம் இதிகாச புராணங்களைப் பார்த்தால் இந்த ஆசை மிகப் பழமையானது என்று தெரிகிறது. விதர்ப்ப தேசத்து மன்னனான பீஷ்மகனுக்குப் பிறந்த ஆண்மக்கள் ஐவரின் பெயர்களைப் பாகவதம் கூறுகிறது: ருக்மி, ருக்மரதன், ருக்மபாகு, ருக்மகேசன், ருக்மமாலி. ஐந்திலும் பொன் என்னும் பொருள்கொண்ட ஒரே சொல் அமைந்திருக்கிறது. இவர்களுக்கு வாய்த்த தங்கைதான் கண்ணபிரானைக் கைப்பிடித்த ருக்மிணி. அண்ணன்மார் பெயரிலுள்ள பொன்னெல்லாம் அவள் பெயரிலும் இருக்கிறது. ஆயினும் அவளுடைய பெயரைச் சொல்லும்போது ஐந்து அண்ணன்மாரை எவர் நினைக்கிறார்? அவர்களில் மூத்தவனான ருக்மி தங்கையின் விருப்பத்திற்குக் குறுக்கே நின்றவன் என்பதையும், மற்ற நால்வர் பெயரும் கதையில் ஒரு சுலோகத்தோடு நின்றுவிடுவதையும் எண்ணிப் பார்த்தால், ஒரே அச்சில் வார்த்த பெயர்களுக்குள்ளும் ஒரு பெண் தன் வாழ்வினால் தன் பெயரைத் தனியாக ஆக்கிக்கொள்ள முடியும் என்பது விளங்கும்.

இன்னும் சிறந்த உதாரணம் ஒன்று உண்டு. கண்ணனின் தமையனாருக்குப் பலராமர் என்ற பெயரோடு பலபத்திரர் என்ற பெயரும் வழங்குகிறது. தங்கையின் பெயர் சுபத்திரை. மங்களம் என்னும் பொருளுடைய ஒரு சொல், மூத்தவர் பெயரில் வலிமையோடும் இளையவள் பெயரில் நன்மையோடும் கூடி நிற்கிறது. நடுவிலுள்ள கண்ணனின் பெயரோ இவ்விரண்டிலும் ஒட்டாமல் வேறாக ஒலிக்கிறது. அப்படி இருந்தும் மூவரையும் பிரித்து நினைக்க இயலாதபடி பூரி க்ஷேத்திரத்தில் அண்ணன்மார் இருவருக்கும் நடுவில் சுபத்திரையைப் பிரதிஷ்டை செய்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் புதிதாகச் செய்யப்படும் ரதங்களில் ஜகந்நாதருக்குப் பதினாறு சக்கரங்களும், பலபத்திரருக்குப் பதினான்கும், சுபத்திரைக்குப் பன்னிரண்டும் கொண்ட தேர்கள் தனித்தனியே அமைகின்றன. தங்கைக்கென்று ஒரு தேர் தனியாக உண்டு என்பதைப் பெயர் தேடும் பெற்றோர் மனத்தில் வைத்துக்கொள்வது நலம்.

திருதராட்டிரன் வீட்டிலும் இதே வழக்கம் காண்கிறோம். துரியோதனன், துச்சாதனன் முதலான நூற்றுவருக்கும் தங்கையாகப் பிறந்தவள் துச்சளை. முதலெழுத்திலேயே குடும்பம் தெரிகிறது. கிருபருடன் பிறந்த கிருபி, இடும்பனுடன் பிறந்த இடும்பி ஆகியோரின் பெயர்களோ, ஆண்பாற் பெயரின் ஈற்றைமட்டும் மாற்றியமைத்தவை. இந்த இரண்டு முறைகளும் எளியவை என்பதனாலேயே இன்றும் நம் வீடுகளில் அதிகமாகக் கையாளப்படுகின்றன.

நாட்டுப்புறத்திலும் இதற்குச் சான்றுகள் உள்ளன. கொங்கு நாட்டில் இரவு முழுவதும் உடுக்கையடித்துப் பாடப்படும் அண்ணன்மார் கதையில் அண்ணன்மார் இருவர், பொன்னரும் சங்கரும். அவர்களுக்கு ஒரே தங்கை. பாடுகிறவர்கள் அவளை அருக்காணி என்றும் தங்கம் என்றும் தங்காள் என்றும் பலவாறு அழைப்பார்கள். பொன்னருக்குத் தங்கையாகத் தங்கம் வந்து நிற்கும் அழகை எந்தப் புலவரும் திட்டமிட்டு அமைத்ததாகச் சொல்ல முடியாது. மக்கள் நாவே அதைப் பொருத்தி வைத்திருக்கிறது. மணப்பாறைக்கு அருகிலுள்ள வீரப்பூரில் அந்த அண்ணன்மாரோடு தங்கையும் இன்றுவரை வழிபாடு பெற்றுவருகிறாள். இன்னொரு கதையில் அண்ணன் நல்லதம்பி, தங்கை நல்லதங்காள். இதைவிடப் பொருத்தமான ஜோடிப் பெயர் கிடைப்பது அரிது. ஆனாலும் பசியினாலும் அவமானத்தினாலும் ஏழு குழந்தைகளையும் கிணற்றிலிட்டுத் தானும் விழுந்த அந்தத் தாயின் துயரத்தை அறிந்த நம் மக்கள், மகனுக்கு நல்லதம்பி என்று இன்றும் மகிழ்ச்சியோடு பெயரிடுகிறார்களேயன்றி மகளுக்கு நல்லதங்காள் என்று பெயரிட முன்வருவதில்லை. அவ்விடத்தில் நல்லம்மாள் என்றோ நல்லம்மை என்றோ வைத்துக்கொள்கிறார்கள். ஒலியில் எவ்வளவு பொருந்தினாலும், பெயரோடு கூடவரும் கதையையும் பார்க்கவேண்டும் என்ற விவேகம் இதில் அடங்கியிருக்கிறது.

கதையைப் பார்த்தல் என்று சொன்னோமே, அண்ணன் தங்கை பெயர்ப் பொருத்தத்தில் மிகுந்த சங்கடம் நேர்வது அங்கேதான். மூத்த மகனுக்கு ராமன் என்று பெயர்; ராமன் என்றதும் மனத்தில் தோன்றும் பெண்பெயர் சீதா. முருகன் என்றால் வள்ளி. கண்ணன் என்றால் ராதா அல்லது ருக்மிணி. நளன் என்றால் தமயந்தி. பெயர்கள் இரண்டும் இணைந்தே நம் செவியில் பழகியிருப்பதனால் இணைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் இவையெல்லாம் தம்பதிகளின் பெயர்கள் அல்லவா? வீட்டிலுள்ள மூத்தவர்கள் உடனே முகத்தைச் சுளிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளும் அந்தச் சிறுவனையும் சிறுமியையும் கேலி செய்யாமல் விடமாட்டார்கள். ராமன் என்ற அண்ணனும் சீதா என்ற தங்கையும் சௌக்கியமாக வளர்ந்து பெரியவர்களான வீடுகளும் உண்டு. அதனால் ஒரு தோஷமும் வந்துவிடுவதில்லை. என்றாலும், குழந்தைக்கு அநாவசியமான கூச்சத்தை ஏன் தேடி வைக்கவேண்டும் என்பதே கேள்வி.

இதற்குப் பரிகாரம் கதைக்குள்ளேயே இருக்கிறது. மனைவியின் பெயரை விட்டுவிட்டு உடன்பிறந்தவளின் பெயரைத் தேடினால் போதும். ராமன், பரதன், லட்சுமணன் என்று பெயர்கொண்ட அண்ணன்மாருக்குச் சாந்தா என்ற தங்கை எவ்வளவு பொருத்தம் என்பது பலருக்குத் தெரியாது: தசரதருக்குச் சாந்தை என்று ஒரு மகள் இருந்தாள் என்றும், அவளை அங்கதேசத்து மன்னர் ரோமபாதர் வளர்த்து ருசியசிருங்க முனிவருக்கு மணம் செய்து கொடுத்தார் என்றும், அந்த முனிவரே பின்னர் தசரதருக்குப் புத்திரகாமேஷ்டி நடத்திவைத்தார் என்றும் ஒரு மரபு உண்டு. அந்தச் சாந்தை தமக்கை, நம் வீட்டுச் சாந்தா தங்கை, அவ்வளவே வித்தியாசம். கண்ணன், கோபாலன், கிருஷ்ணமூர்த்தி என்பவர்களுக்குச் சுபத்ரா இருக்கவே இருக்கிறாள். யசோதையின் மகளாய்ப் பிறந்து, கம்சன் கையிலிருந்து நழுவி ஆகாயத்தில் நின்று அவனை எச்சரித்த மாயையும் கண்ணனுக்குத் தங்கையே ஆகையால், துர்கா என்ற பெயரும் அவ்வீட்டிற்கு ஏற்கும்.

நாராயணன், ரங்கநாதன், அழகர்சாமி, பெருமாள் என்று திருமாலின் பெயர்கள் அண்ணன்மாருக்கு அமைந்திருந்தால் பெற்றோருக்கு மிகுந்த வசதி. திருமாலின் தங்கை பார்வதி. ஆகவே உமா, காமாட்சி, மீனாட்சி, சிவகாமி, நாராயணி ஆகிய அத்தனை பெயர்களும் தங்கைக்குரிய பெயர்களே. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் கம்பத்தடி மண்டபத்துத் தூணொன்றில் இந்த உறவைக் கல்லிலேயே காணலாம்: சிவபெருமான் ஒருபுறம் கைநீட்டி நிற்க, நடுவே மீனாட்சி நாணத்தோடு தலைசாய்த்திருக்க, மறுபுறத்தில் திருமால் தங்கையைத் தாரைவார்த்துக் கொடுக்கிறார். சித்திரைத் திருவிழாவில் அழகர்மலையிலிருந்து இறங்கிவரும் கள்ளழகர் தங்கையின் கலியாணத்திற்காகவே புறப்பட்டு வருகிறார் என்று ஜனங்கள் நம்புகிறார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் அழகர்சாமிக்குத் தங்கையாக ஒரு மீனாட்சி பிறந்தால், அந்தப் பெயர்ப் பொருத்தத்தை ஒருவருக்கும் விளக்கவேண்டியதில்லை.

கணேசன், முருகன் என்று இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் விஷயம் சற்றுக் கடினம். நம் பக்கத்துக் கதைகளில் அவ்விருவருக்கும் உடன்பிறந்தாள் பெயர் பரவலாக வழங்கவில்லை. பத்ம புராணத்தில் பார்வதிக்கு அசோகசுந்தரி என்று ஒரு மகள் உண்டு; வங்காளத்திலோ, துர்க்கா பூஜையின்போது அம்பிகையின் இருபுறத்திலும் கணேசரையும் கார்த்திகேயரையும் நிறுத்துவதோடு லட்சுமியையும் சரஸ்வதியையும் அவளுடைய குமாரத்திகளாகவே நிறுத்தி வணங்குகிறார்கள். அந்த வழியை ஏற்றுக்கொண்டால் கணேசனுக்கும் முருகனுக்கும் ஒரு சரஸ்வதியைத் தங்கையாக்குவதில் தடையொன்றுமில்லை. அல்லது, பெண்குழந்தையை ‘அம்மா’ என்றே கூப்பிட்டுப் பழகிய நம் வீடுகளில் உமா என்றும் பார்வதி என்றும் அன்னையின் பெயரையே வைத்துவிடலாம். செந்தில், குமரன் என்று முருகன் பெயரே இருமுறை வந்திருந்தால், வள்ளியையும் தெய்வானையையும் தேடாமல், முருகனுடைய நாமத்திலிருந்தே பிறந்த சண்முகவடிவு என்ற பெயரை வைக்கலாம்; எம். எஸ். சுப்புலட்சுமியின் அன்னையும் வீணை வித்வாம்சினியுமான மதுரை சண்முகவடிவு அம்மையாரால் அது இசையுலகத்தில் நிலைபெற்றது. இக்காலத்தில் அந்தப் பெயர் அருகிவருவது பெரிய நஷ்டம்.

இஸ்லாமியக் குடும்பங்களில் இந்தப் பொருத்தம் மிகத் தெளிவாக அமைந்திருக்கிறது. நபிகள் நாயகத்தின் பேரர்கள் ஹசன், ஹுசைன். அவர்களுடைய தங்கை ஸைனப். ஹிஜ்ரி 61இல், அதாவது கி.பி. 680இல், கர்பலாவில் அண்ணன் ஹுசைன் வீழ்ந்தபின், கைதியாகக் கொண்டுபோகப்பட்ட நிலையிலும் டமாஸ்கஸில் யஸீதின் சபையில் அஞ்சாமல் பேசியவர் அந்த அம்மையார். அசன், உசேன் என்ற இரு பிள்ளைகளுக்குப் பின் பிறந்த பெண்ணுக்கு அப்பெயரைச் சூட்டும்போது, ஒலியொற்றுமை இல்லாவிட்டாலும், சரித்திரமே மூவரையும் ஒன்று சேர்த்துவிடுகிறது. கிறிஸ்தவக் குடும்பங்களில் நாம் மேலே சொன்ன தம்பதிப் பெயர்ச் சங்கடம் அவ்வளவாக எழுவதில்லை. மரியாள் அனைவருக்கும் தாய் என்ற பாவனையினால், சூசை என்ற அண்ணனுக்கு மரியம்மாள் என்ற தங்கை இருப்பதை அங்கே எவரும் விகற்பமாக நினைக்கமாட்டார்கள்.

இனி, சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கும் விடை சொல்லவேண்டும். ஆண்குழந்தையின் பெயர் இரண்டு அல்லது நான்கு என்று இரட்டைப்பட்ட அசைகளோடும், பெண்குழந்தையின் பெயர் ஒற்றைப்பட்ட அசைகளோடும் இருக்கவேண்டும் என்று பாரஸ்கர கிருஹ்ய சூத்திரம் விதிக்கிறது. பெண்ணின் பெயர் சொல்லுவதற்கு எளிதாகவும், கடுமையின்றியும், பொருள் விளங்குவதாகவும், மனத்துக்கு இனியதாகவும், நெடில் ஈற்றை உடையதாகவும் இருக்கவேண்டும் என்கிறது மனுஸ்மிருதி. அதே நூல், விவாகத்திற்குத் தவிர்க்கத்தக்க பெண்களைச் சொல்லுமிடத்தில், நக்ஷத்திரம், மரம், நதி, மலை, பறவை இவற்றின் பெயர் கொண்டவளை விலக்குகிறது. நம் ஜனங்கள் முதல் விதியைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டு, பின்னதை முற்றிலும் தள்ளிவிட்டார்கள்: ரோகிணியும் ரேவதியும் சித்ராவும் இல்லாத தெருவும், காவேரியும் கங்காவும் யமுனாவும் இல்லாத பள்ளிக்கூடமும் தமிழ்நாட்டில் ஏது? பெயர் விஷயத்தில் சாஸ்திரத்தைக் காட்டிலும் தாய்மாரின் விருப்பமே வலிமை வாய்ந்தது என்பதற்கு இது போதிய சான்று.

ஜோதிட முறைப்படி இருபத்தேழு நக்ஷத்திரங்களுக்கும் பாதத்திற்கு ஓரெழுத்தாக நூற்றெட்டு எழுத்துக்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன. அசுவினியில் பிறந்தால் சு, சே, சோ, லா என்றும், ரோகிணியில் பிறந்தால் ஓ, வா, வீ, வூ என்றும் முதலெழுத்தைக் குறித்துக் கொடுப்பார்கள். மூன்று குழந்தைகள் மூன்று நக்ஷத்திரத்தில் பிறந்திருக்க, எழுத்தும் மூன்றுவிதமாகிவிடும் ஆதலால், இந்த முறையைக் கைக்கொள்ளும் வீட்டார் முதலெழுத்து ஒற்றுமையை விட்டுவிட்டுப் பொருளொற்றுமையை நாடுவதே வழி. எண்கணிதக்காரர் சொல்படி ஆங்கில எழுத்தில் ஒன்றைக் கூட்டியும் குறைத்தும் எழுதிக்கொள்கிற வழக்கத்தைப்பற்றி இங்கே விரித்துரைக்க அவசியமில்லை. அதனால் அண்ணன் பெயரில் ஒருவிதமாகவும் தங்கை பெயரில் வேறுவிதமாகவும் ஒரே எழுத்தை எழுதவேண்டிய குழப்பம்தான் மிச்சம்.

ஆண்பாற் பெயரைப் பெண்பாலாக்கும் முறைக்கு மீண்டும் வருவோம். வசந்தன் என்றால் வசந்தா, செல்வன் என்றால் செல்வி, அருணன் என்றால் அருணா என்று மாற்றுவது சுலபம், காதுக்கும் இனிது. அண்ணன் ஒருவனே இருந்தால் இது சிலாக்கியமான முறையே. அண்ணன்மார் இருவராகி, ஒருவன் வசந்தனாகவும் மற்றவன் இளங்கோவாகவும் இருக்கையில் தங்கைக்கு வசந்தா என்று வைத்தால், இளங்கோ என்ற குழந்தையின் மனம் என்ன நினைக்கும் என்று பெற்றோர் சிந்திப்பதில்லை. தங்கை மூத்தவனுக்குச் சொந்தமானவள், தனக்கில்லை என்று அவன் எண்ணத் தொடங்கினால் அது அவ்வளவு அற்பமான விஷயமன்று. ஆகையால் இருவர் பெயருக்கும் பொதுவான ஒன்றைத் தேடி அதிலிருந்து மூன்றாவதைப் பெறுவதே உத்தமம். பொன்னுசாமியும் முத்துசாமியும் இருக்கும் வீட்டில் மூன்றாவதாக ஒரு ரத்தினாம்பாள் வரலாம். கதிரவனும் மதியழகனும் இருக்கும் வீட்டில் ஒரு தாரகை வரலாம். ஒருவனுடைய பெயரிலிருந்து கடன் வாங்காமலே இருவரோடும் அவள் சேர்ந்துகொள்வாள்.

தனித்தமிழ்ப் பற்றுள்ள குடும்பங்களைப்பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. சூரியநாராயண சாஸ்திரியார் தம்மைப் பரிதிமாற்கலைஞர் என்றும், சுவாமி வேதாசலம் தம்மை மறைமலையடிகள் என்றும் அமைத்துக்கொண்ட காலத்திலிருந்து, பிள்ளைகளுக்கு நல்ல தமிழிலே பெயரிடும் வழக்கம் நாட்டில் பரவிச் சிறந்தது. நெடுஞ்செழியன், அறிவழகன், இளஞ்சேரன் என்று ஆண்மக்களுக்கு வீரமும் அறிவும் ஆட்சியும் தோன்றப் பெயர் வைக்கிறவர்கள், மகள் பிறந்ததும் கயல்விழி, பூங்கொடி, தேன்மொழி என்று கண்ணையும் இடையையும் குரலையும் நாடிப் போகிறார்கள். அழகிய பெயர்கள்தாம், அவற்றைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அண்ணன்மார் இருவருக்கும் அறிவைக் கொடுத்துவிட்டுத் தங்கைக்கு அழகை மட்டும் கொடுப்பது பொருத்தமாகுமா? பெயரில் ஒலி ஒத்திருப்பதைக் காட்டிலும் கௌரவம் ஒத்திருப்பதே முக்கியம் என்று நாம் உறுதியாக நம்புகிறோம். அறிவழகனுக்குத் தங்கை அறிவுச்செல்வியாக இருக்கட்டும். சேரன் பெயரும் பாண்டியன் பெயரும் தாங்கியவர்களுக்குத் தங்கை, பாரியின் மகளிரைப்போல் அங்கவையாகவோ சங்கவையாகவோ, புலவர் பெருமாட்டியரைப்போல் வெள்ளிவீதியாகவோ ஔவையாகவோ இருக்கட்டும். வடமொழிப் பெயர் விரும்புகிறவர்களுக்கும் இதே நியாயம் பொருந்தும்: ஜயராமனுக்கும் விஜயராகவனுக்கும் தங்கையான பெண்ணை ஜயலட்சுமி என்று அழைத்தால், வெற்றியில் அவளுக்கும் சமபாகம் கிடைத்துவிடுகிறது.

சோழர் குடும்பத்தில் ஆதித்த கரிகாலன், அருள்மொழிவர்மன் என்ற இருவரோடு பிறந்தவள் குந்தவை. அவள் அருள்மொழிக்குத் தமக்கையேயாயினும் இந்த இடத்தில் அவளைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. அண்ணன் தம்பி பெயர்களோடு அவள் பெயருக்கு ஓரெழுத்துத் தொடர்பும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுக்களில் அவள் அளித்த கொடைகளெல்லாம் ‘அக்கன்’ அளித்தவையாகவே தனித்துப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ராஜராஜனான அந்தத் தம்பி, தன் மகளுக்கும் குந்தவை என்றே பெயரிட்டான். கீழைச் சாளுக்கிய மன்னன் விமலாதித்தனுக்கு மனைவியானவள் அந்த இரண்டாம் குந்தவை. உடன்பிறந்தாளின் பெயரைத் தன் மகளுக்குச் சூட்டத் தோன்றும்படி ஒருவன் அவளை மதித்தான் என்றால், பெயர்ப்பொருத்தம் என்று அதைத்தானே சொல்லவேண்டும்? நம் வீடுகளிலும் அத்தையின் பெயரைக் குழந்தைக்கு வைப்பதுண்டு; இரண்டு ஆண்மக்களுக்குத் தாத்தாக்களின் பெயர் அமைந்திருந்தால், தங்கைக்கு அத்தையின் பெயரோ பாட்டியின் பெயரோ அமைவது மிகவும் இயல்பானது.

பெயரைத் தீர்மானிக்குமுன் அதை வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்க்கவேண்டும். சாயங்காலத்தில் தெருவில் விளையாடும் பிள்ளைகளை வாசற்படியில் நின்று தாயார் அழைக்கும்போது மூன்று பெயரும் ஒரே மூச்சில் வரவேண்டும். ஆனால் மூன்றும் வேறு வேறாகக் கேட்கவேண்டும். சுரேசன், சுந்தரம், சுமதி என்று அழகுக்காக ஒரே எழுத்தில் அடுக்கிவிட்டால், ‘சு’ என்று தொடங்கும்பொழுதே மூவரும் திரும்பிப் பார்ப்பார்கள். கோபத்தில் தாயார் ஒருவர் பெயரைச் சொல்லி மற்றவரை அதட்டுவாள். கடிதம் வரும், பள்ளிக்கூடத்துச் சான்று வரும். தகப்பனார் முதலெழுத்தும் ஒன்று, பெயரின் முதலெழுத்தும் ஒன்று என்றால் எது யாருடையது என்று மயக்கம் உண்டாகும். ஒரே அண்ணன், ஒரே தங்கை என்றால் பரவாயில்லை: 1961இல் வெளிவந்த பாசமலர் படத்தில் அண்ணன் ராஜசேகரன், தங்கை ராதா, அங்கே ஓரெழுத்து ஒற்றுமை பாசத்துக்குத் துணையாகவே இருந்தது. மூவர் நால்வர் உள்ள வீட்டில் முதலெழுத்து வேறாக இருந்து, ஈற்றோசையோ பொருளோ ஒத்திருப்பதுதான் சௌகரியம்.

அண்ணன்மாரின் நாக்கையும் கருதவேண்டும். நான்கு வயதுச் சிறுவனொருவன் தொட்டிலின் விளிம்பைப் பிடித்து எம்பி நின்று, புதிதாகச் சூட்டிய ‘யாழ்மொழி’ என்ற பெயரைச் சொல்ல முயல்வதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் ‘யாமொயி’ என்பான்; தாத்தா திருத்துவார்; மறுபடியும் முயன்று ‘யாமொலி’ என்பான்; மூன்றாம் நாள் ‘யாமி’ என்று சுருக்கிக்கொண்டு, அந்தப் பெயரைச் சொல்லியே கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டிருப்பான். அடுத்த மாதத்திற்குள் வீட்டார் அனைவரும் அவன் சொன்னபடியே சொல்லத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே ஏட்டிலுள்ள பெயரைப் பெரியவர்கள் தேர்ந்தெடுத்தாலும், வீட்டில் வழங்கும் பெயரை அண்ணன்மாரே தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது பெரும்பாலான குடும்பங்களின் அனுபவம். முன்கூட்டியே அவர்களைச் சொல்லச்சொல்லிக் கேட்டுவிட்டால், எந்தப் பெயர் எப்படிச் சிதையும் என்று தெரிந்துவிடும்.

வீட்டுப்பெயர் ஒன்று தனியே தேவைப்படுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. தந்தைவழிப் பாட்டியின் பெயரைக் குழந்தைக்கு வைத்தால், மாமியார் பெயரைச் சொல்லக்கூடாது என்ற பழைய மரியாதையின்படி, பெற்ற தாயே மகளைப் பெயர்சொல்லி அழைக்க இயலாமற்போகும். அதனால்தான் எத்தனையோ பாட்டிமார் பெயர்தாங்கிய பேத்திகள் பாப்பா என்றும், அம்மணி என்றும், ராஜாத்தி என்றும் வளர்ந்தார்கள். அந்த மரியாதையை இன்னும் கடைப்பிடிக்கும் வீடுகளில், அண்ணன்மார் பெயரோடு பொருந்தவேண்டியது பாட்டியின் பெயர் அன்று. தினந்தோறும் வாயில் வழங்கப்போகும் அந்தச் செல்லப்பெயரே.

பதினோராம் நாளிலோ, பதினாறாம் நாளிலோ, முப்பதாம் நாளிலோ அவரவர் குல வழக்கப்படி பெயர் சூட்டு விழா நடக்கும். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, பொன்மோதிரத்தால் அதில் பெயரை எழுதி, அத்தையோ பாட்டியோ குழந்தையின் காதில் மும்முறை சொல்லித் தொட்டிலில் இடுவார்கள். அன்றைக்குள் எப்படியாவது முடிவு செய்துவிடவேண்டும் என்ற அவசரத்தில், பொருந்தாத பெயரை வைத்துவிட்டுப் பின்னால் வருந்துகிறவர்கள் உண்டு. சட்டம் அவ்வளவு அவசரப்படுத்தவில்லை என்பதை அவர்கள் அறிந்திருப்பது நல்லது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவிக்கவேண்டுமே தவிர, பெயரை அப்போதே எழுதவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை; பதிவான நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரையில் தாமதக் கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒருமுறை எழுதிய பெயரை மாற்றுவது எளிதன்று. ஆகவே காதில் ஒரு பெயரைச் சொல்லித் தொட்டிலில் இட்டுவிட்டுச் சில மாதங்கள் அழைத்துப் பார்த்தபின், பதிவு அலுவலகத்திற்குப் புறப்படுகையில் அண்ணன்மாருடைய பிறப்புச் சான்றிதழ்களையும் கையில் எடுத்துக்கொண்டு, அவற்றில் தகப்பனார் பெயரும் தாயார் பெயரும் எந்த எழுத்துக்களோடு பதிவாகியிருக்கின்றனவோ அதே எழுத்துக்களோடு தங்கையின் சான்றிதழிலும் ஏறும்படி பார்த்துக்கொள்ளவேண்டும்.